அவிழ்த்து விடுவது கருணையன்று: குதிரைகளின் உரிமையும் நமது பொறுப்பும்



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அகிலத்தாருக்கு அருட்கொடையாய் அனுப்பப்பட்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

தமிழ் முஸ்லிம்களாகிய நம்முள் ஒரு பெரும் பிரிவினரின் பெயரிலேயே குதிரை இருக்கிறது. ‘இராவுத்தர்’ என்னும் சொல் குதிரை வீரரைக் குறிப்பது. காயல்பட்டினத்துக் கரையில் அரபு நாட்டுக் குதிரைகள் வந்திறங்கிய வரலாற்றை நாம் மேடைதோறும் சொல்லி மகிழ்கிறோம். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், கீஷ் தீவின் அதிபர் ஜமாலுத்தீன் பாண்டிய நாட்டுக்கு ஆண்டுதோறும் 1,400 குதிரைகள் அனுப்பும் ஒப்பந்தம் செய்திருந்தார் என்றும், ஒரு குதிரையின் விலை 220 பொற்காசுகள் என்றும் எழுதி வைத்திருக்கிறார். பெருமைதான். ஆனால் அதே காலத்தில் காயலைக் கண்ட மார்க்கோ போலோ எழுதிய இன்னொரு செய்தியை நாம் மேடையில் சொல்வதில்லை. இறக்குமதியான குதிரைகளுள் பெரும்பாலானவை பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாமலே மடிந்தன. குதிரை வைத்தியம் அறிந்தவர்களை இந்நாட்டுக்கு வரவிடாமல் வணிகர்களே பார்த்துக்கொண்டனர். குதிரைகள் மடிய மடியத்தானே புதிய குதிரைகள் விலைபோகும் என்பது அவர் சாட்டும் குற்றம். அது முழு உண்மையோ, மிகைப்படுத்தலோ, அல்லாஹ்வே அறிந்தவன். ஆனால் குதிரையின் உழைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் உயிரைக் கணக்கில் கொள்ளாத மனப்பான்மை இன்றும் உயிரோடு இருக்கிறது. அதை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தெருவில் நிற்பது யார்?

உதகமண்டலத்துக்குச் சென்று வந்தவர்கள் கண்டிருப்பீர்கள். படகு இல்லத்தின் அருகில் பிள்ளைகளைச் சவாரிக்கு ஏற்றும் மட்டக்குதிரைகள் ஒருபுறம். இன்னொருபுறம், சேணமும் கடிவாளமும் இல்லாமல், விலா எலும்பு தெரியக் குப்பைத்தொட்டியைக் கிளறி நிற்கும் குதிரைகள். இரண்டும் வெவ்வேறு இனங்களல்ல. முதலாவது முதிர்ந்தாலோ, நொண்டினாலோ, சுற்றுலாப் பருவம் முடிந்தாலோ இரண்டாவதாகிவிடுகிறது. கொடைக்கானல் ஏரிக்கரையிலும் சென்னைக் கடற்கரையிலும் சவாரிக்கு நிற்கும் குதிரைகளுக்கும் இதே முடிவு காத்திருக்கிறது.

ஒரு குதிரையின் ஆயுள் 25 முதல் 30 ஆண்டுகள். பந்தயக் குதிரை இரண்டு வயதில் ஓடத் தொடங்குகிறது. பெரும்பாலும் பத்து வயதுக்கு முன்பே அதன் ஓட்டம் முடிந்துவிடும். மீதி ஆயுளுக்கு அதற்குச் சோறு போடுவது யார்? பந்தயத்தில் தோற்றது சவாரிக்கு விற்கப்படுகிறது. சவாரிக்கு ஆகாதது கல்யாண ஊர்வலத்துக்கோ வண்டிக்கோ போகிறது. ஒவ்வொரு கை மாறும்போதும் விலை குறைகிறது. விலை குறையக் குறையத் தீனியும் குறைகிறது. கடைசியாக வாங்கியவரிடம் அதன் தீனிச் செலவு விலையை மிஞ்சிவிடும்போது, ஓர் இரவில் கயிறு அவிழ்க்கப்படுகிறது. காலையில் அது நெடுஞ்சாலையில் நிற்கிறது.

அவிழ்த்துவிட்ட குதிரை எப்படியாவது பிழைத்துக்கொள்ளும் என்று நினைப்பவர் குதிரையின் உடலை அறியாதவர். மாட்டுக்கு இருப்பது போன்ற பல அறை இரைப்பை குதிரைக்கு இல்லை. அதன் இரைப்பை உடலளவுக்கு மிகச் சிறியது. ஆகவே அது நாளின் பெரும்பகுதி சிறிது சிறிதாகப் புல் மேய்ந்துகொண்டே இருக்க வேண்டும். நாளொன்றுக்குத் தன் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு உலர்தீவனமும், 25 லிட்டருக்குக் குறையாத தண்ணீரும் அதற்குத் தேவை. குதிரையால் வாந்தி எடுக்க இயலாது. குப்பையில் கிடக்கும் பிளாஸ்டிக் பையோ, புளித்த சோறோ உள்ளே சென்றால் வெளியேற வழியில்லை. குடல் அடைத்து, தரையில் புரண்டு புரண்டு அது மடிகிறது. அதன் குளம்பு மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு செண்டிமீட்டர் வளரும். ஆறு அல்லது எட்டு வாரங்களுக்கொருமுறை அதைச் சீவிவிட ஆள் இல்லையென்றால், குளம்பு வளைந்து வெடித்து, ஒவ்வோர் அடியும் நோவாகிவிடும். ஆக, தார்ச்சாலையில் அவிழ்த்துவிடப்பட்ட குதிரை பெற்றது விடுதலை அன்று. தவணைமுறையில் நிறைவேற்றப்படும் மரணம்.

மூவகைக் குதிரைகள்

புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெறும் ஒரு நபிமொழியை மதரஸாவில் ஓதிய எவரும் அறிவர். குதிரைகள் மூவகை என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வகுத்துக் காட்டினார்கள். ஒருவருக்கு அது நற்கூலி. ஒருவருக்கு அது மானத்தைக் காக்கும் திரை. ஒருவருக்கு அது பாவச்சுமை. அல்லாஹ்வின் பாதையில் வளர்க்கப்படும் குதிரை மேய்ந்த புல்லும், குடித்த தண்ணீரும், நடந்த அடிச்சுவடும், ஏன், அதன் சாணமும்கூட உடையவருக்கு நன்மையாக எழுதப்படும். இரண்டாமவர், பிறரிடம் கையேந்தாமல் பிழைப்பதற்காகக் குதிரை வைத்திருப்பவர். ஆனால் அதன் கழுத்திலும் முதுகிலும் அல்லாஹ்வுக்குரிய கடமையை அவர் மறப்பதில்லை. மூன்றாமவர் பெருமைக்காகவும் பகட்டுக்காகவும் வைத்திருப்பவர். அவருக்கு அது பாவச்சுமை.

அல்லாஹ்வுக்குரிய அக்கடமைக்கு விளக்கவுரையாளர்கள் பல பொருள் கூறியிருக்கின்றனர். அதனிடம் அன்போடு நடந்துகொள்வதும், அதன் தேவைகளைக் கவனிப்பதும் அவற்றுள் அடங்கும். சவாரித் தொழில் செய்யும் ஏழைச் சகோதரருக்கு இந்த நபிமொழி நற்செய்தி; அவர் தொழிலை அது இழிவுபடுத்தவில்லை. கையேந்தாமல் உழைத்துண்பதைப் பாராட்டுகிறது. ஆனால் அந்தப் பாராட்டு நிபந்தனையோடு வருகிறது. நிபந்தனை போனால் பாராட்டும் போய்விடும்.

இனி மூன்றாம் வகையைப் பார்ப்போம். நம் ஊர்களில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்குக் குதிரை பிடிக்கிறோம். நிகாஹ் சுன்னத்து, குதிரை ஊர்வலம் சுன்னத்தன்று. இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கும் ஊர்வலத்துக்கு மாலையே குதிரை கொண்டுவந்து கட்டப்படுகிறது. அதற்குத் தண்ணீர் வைத்தார்களா என்று கேட்பவர் உண்டா? காதருகே பேண்டு வாத்தியம், காலருகே பட்டாசு, முகத்தெதிரே மின்விளக்கு. மனிதனை விடக் கூர்மையான செவியுடைய பிராணி அது. மிரளாமல் இருப்பதற்காக வாயில் முள் வைத்த கடிவாளத்தை இறுக்குகிறார்கள். அத்தகைய முள் கடிவாளத்தை 1965 ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளே தடை செய்திருக்கின்றன. மணமகன் மேலே புன்னகைக்கிறார். கீழே குதிரையின் வாயோரம் நுரையில் இரத்தம். பரக்கத்தை நாடித் தொடங்கும் இல்வாழ்க்கையின் முதல் பயணம், தன் வேதனையைச் சொல்ல வாயில்லாத ஓர் உயிரின் முதுகில் நடக்கிறது. பெருமைக்கான குதிரை எது என்பதற்கு இதைவிட வேறு விளக்கவுரை தேவையில்லை.

வாடகைக்கு எடுத்தவருக்குப் பொறுப்பில்லை என்று சொல்வதும் சரியன்று. பிராணியின் முதுகை மேடையாக்கிக்கொள்ளாதீர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்ததை அபூதாவூத் பதிவு செய்கிறார். அத்தடை ஏறி உட்கார்ந்திருப்பவரை நோக்கியது. உரிமைப்பத்திரம் வைத்திருப்பவரை மட்டும் நோக்கியதன்று.

கிதாபுகள் சொல்லும் சட்டம்

‘ஹஜ்ரத், குதிரைக்கெல்லாம் மார்க்கத்தில் சட்டம் உண்டா?’ என்று பலர் வியப்போடு கேட்கின்றனர். உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் நம் மதரஸாக்கள் ஓதிக்கொடுக்கும் இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ நூலில், மனைவி மக்களுக்குரிய ஜீவனாம்சத்தைப் பேசும் அதிகாரத்தின் இறுதியிலேயே அது இருக்கிறது. பிராணியின் உடைமையாளர் மீது அதற்குத் தீனியும் தண்ணீரும் தருவது கடமை. மறுத்தால் காழி அவரைக் கட்டாயப்படுத்துவார்: ஒன்று தீனி கொடு, அல்லது விற்றுவிடு, உண்ணத்தக்க பிராணியாயின் முறைப்படி அறுத்தல் என்பது மூன்றாவது வழி. அவிழ்த்துவிடு என்பது அப்பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஹனஃபீ மத்ஹபிலும் தீனியளிப்பது அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டிய கடமையே. நீதிமன்றத்தின் மூலம் கட்டாயப்படுத்தலாமா என்பதில்தான் கருத்து வேறுபாடு. கட்டாயப்படுத்தலாம் என்பது இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களின் நிலை.

மேய விட்டால் போதாதா என்றால், அதற்கும் நூலுரைகளில் விடை இருக்கிறது. மேய்ச்சல் நிலத்தில் மேய்ந்து தண்ணீர் குடித்துப் பழகிய பிராணியை மேயவிடுவது தீனி கொடுப்பதற்குச் சமம். ஆனால் நிலம் வறண்டு, மேய்ச்சல் அதற்குப் போதாதபோது, குறைவதை உடையவர் நிறைவு செய்தாக வேண்டும். நகராட்சிக் குப்பைத்தொட்டி எந்த மத்ஹபிலும் மேய்ச்சல் நிலமன்று.

முதிர்ந்த குதிரை இனி உழைக்காதே, அதற்கும் செலவிட வேண்டுமா? ‘அறிஞர்களின் சுல்தான்’ என்று போற்றப்படும் இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரீ 660 (கி.பி. 1262) இல் மறைந்தவர்கள். மனிதன் மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளை அவர்கள் தம் ‘கவாயிதுல் அஹ்காம்’ நூலில் வரிசைப்படுத்துகிறார்கள். அவற்றுள் முதலாவதே இதுதான்: முடமானாலும், நோயுற்றுப் பயனற்றுப் போனாலும், அதற்குத் தகுந்த செலவைச் செய்தல். அடுத்து, தாங்க இயலாத சுமையை ஏற்றாதிருத்தல். ஏழரை நூற்றாண்டுகளுக்கு முன்பே பயனற்ற பிராணியின் உரிமையை முதலிடத்தில் எழுதிய ஒரு மார்க்கத்தின் பிள்ளைகள் நாம்.

நேர்ந்துவிட்ட ஒட்டகங்களை ‘ஸாயிபா’ என்று பெயரிட்டு அவிழ்த்துவிடும் அறியாமைக் கால வழக்கத்தை, ‘அல்மாயிதா’ அத்தியாயத்தின் 103 ஆம் வசனத்தில் அல்லாஹ் மறுக்கிறான். அங்கே பொய்த் தெய்வத்தின் பெயர் சொல்லி அவிழ்த்தார்கள். இங்கே இரக்கத்தின் பெயர் சொல்லி அவிழ்க்கிறோம். முன்னது ஷிர்க்கு, பின்னதை நான் ஷிர்க்கு என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு பிராணியின் மீதுள்ள பொறுப்பை ஒரு பெயரைச் சொல்லிக் கழற்றிவிட முடியாது என்னும் பாடம் இரண்டுக்கும் பொது.

ஜாபிர் (ரலி) அவர்களின் ஒட்டகச் சம்பவத்தை நினைவுகூருங்கள். பயணத்தில் ஒட்டகம் களைத்துப் போய்விட்டது. அதை விட்டுவிட்டுப் போக அவர்கள் எண்ணினார்கள். பின்னே வந்த நபி (ஸல்) அவர்கள் அந்த ஒட்டகத்தைக் கவனித்து, துஆச் செய்து, தட்டி நடக்கவைத்தார்கள். அது முன்னெப்போதும் நடக்காத வேகத்தில் நடந்தது. பிறகு அதையே விலை பேசி வாங்கி, மதீனா சேர்ந்ததும் விலையையும் கொடுத்து ஒட்டகத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள். நாம் இச்சம்பவத்தை வணிகப் பாடத்தில் விலை நிபந்தனைக்கு ஆதாரமாக மட்டுமே ஓதுகிறோம். கைவிடப்பட இருந்த ஒரு பிராணி கைதூக்கிவிடப்பட்டதும் அதில்தான் இருக்கிறது.

மறுப்புகளும் பதில்களும்

முதல் மறுப்பு: ‘பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண் நரகம் புகுந்தாள், அவள் அதை அவிழ்த்துவிட்டிருந்தால் தப்பியிருப்பாளே! அப்படியானால் அவிழ்த்துவிடுவது கூடும் அல்லவா?’ கேள்வி சாமர்த்தியமானது. ஆனால் அந்நபிமொழியே பதிலையும் சேர்த்துச் சொல்கிறது. பூமியிலுள்ள சிற்றுயிர்களைத் தின்று அது பிழைத்துக்கொள்ள வழிவிட்டிருக்கலாமே என்பதுதான் அங்கே குற்றச்சாட்டு. பூனை வேட்டையாடும். அவிழ்த்தால் அதற்கு உணவுண்டு. பேருந்து நிலையத்தில் அவிழ்த்துவிடப்பட்ட குதிரைக்கு என்ன உணவுண்டு? பிழைக்க வழியுள்ள இடத்தில் விடுவது விடுதலை. வழியற்ற இடத்தில் விடுவது, நீளமான கயிற்றில் கட்டிவைத்துப் பட்டினி போடுவது.

இரண்டாம் மறுப்பு: ‘மனிதர்களே பசியோடு இருக்கும்போது குதிரைக்கு என்ன அவசரம்?’ இதைச் சொல்பவர்களுள் மனிதர்களின் பசியைப் போக்க ஓடிக்கொண்டிருப்பவர்கள் மிகக் குறைவு என்பது என் அனுபவம். ஓர் ஊரில் ஜமாஅத் நிர்வாகி ஒருவர் இதே சொல்லைச் சொன்னார். அவர் வீட்டு வலீமாவில் ஐந்து வகை இறைச்சி பரிமாறப்பட்டது. தாகித்த நாய்க்குத் தன் காலுறையில் தண்ணீர் மொண்டு கொடுத்தவருக்கு அல்லாஹ் மன்னிப்பு வழங்கினான் என்று கேட்டபோது, ஸஹாபாக்கள் பிராணிகளுக்கு உதவுவதிலும் கூலி உண்டா என்று கேட்டார்கள். ஈரமுள்ள ஈரல் கொண்ட ஒவ்வோர் உயிரிலும் கூலி உண்டு என்பது அண்ணலாரின் பதில். மனிதருக்குத் தந்தபின் மிஞ்சினால் என்னும் நிபந்தனை அங்கே இல்லை. இரக்கம் பங்கிட்டால் குறையும் பண்டமன்று. பழகினால் வளரும் பண்பு.

மூன்றாம் மறுப்பு: ‘உடைமையாளர் ஏழை; அவர் என்ன செய்வார்?’ இது மட்டுமே மதிக்கத்தக்க கேள்வி. சுற்றுலாப் பயணி வராத மாதங்களில் தன் பிள்ளைக்கே பால் வாங்க இயலாதவர் குதிரைக்குக் கொள்ளு எப்படி வாங்குவார்? ஃபுகஹாக்கள் இந்நிலையையும் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். உடையவரிடம் பொருளில்லையென்றால் காழி அப்பிராணியை விற்பார், அல்லது வாடகைக்கு விடுவார். அதற்கும் வழியில்லையென்றால் செலவு பைத்துல் மாலைச் சேரும் என்று எழுதியிருக்கிறார்கள். அதாவது, ஏழையின் இயலாமை பிராணியின் உரிமையை அழிப்பதில்லை. பொறுப்பைச் சமூகத்தின் தோளுக்கு மாற்றுகிறது. பைத்துல் மால் இல்லாத ஊரில் அந்தத் தோள் யாருடையது? ஜமாஅத்தினுடையது என்பதே என் துணிபு.

நான்காம் மறுப்பு சொல்லப்படுவதில்லை. நினைக்கப்படுகிறது: ‘இதெல்லாம் புளூ கிராஸ்காரர்களின் வேலை.’ 1959 இல் சென்னையில் தொடங்கிய அவ்வமைப்பும், நீலகிரியில் மாவனல்லாவில் கைவிடப்பட்ட குதிரைகளையும் கழுதைகளையும் வைத்துப் பராமரிக்கும் புகலிடமும் நற்பணி செய்கின்றன; நன்றி சொல்ல வேண்டும். ஆனால் நம் மீதுள்ள கடமையைப் பிறர் செய்வதால் நமக்கு மறுமையில் கேள்வி இல்லாமற் போகுமா?

கெய்ரோவில் நடந்தது

இதற்கு வரலாற்றில் ஓர் உதாரணம் உண்டு. படிக்கும்போது தலை குனிய வேண்டியிருக்கிறது. முதல் உலகப்போர் முடிந்ததும் பிரிட்டிஷ் இராணுவம் எகிப்திலிருந்த தன் குதிரைகளை ஆயிரக்கணக்கில் அங்கேயே விற்றுவிட்டுச் சென்றது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1930 இல் கணவருடன் கெய்ரோ வந்த டோரதி புரூக் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி, கிழடாகி, குருடாகி, புண்ணோடு கல்லுவண்டி இழுத்துக்கொண்டிருந்த அக்குதிரைகளைத் தேடிக் கண்டார். 1931 இல் தம் நாட்டுப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி நன்கொடை திரட்டினார். மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ 5,000 குதிரைகளை விலைக்கு வாங்கினார். 1934 இல் கெய்ரோவிலேயே இலவசக் குதிரை மருத்துவமனையும் நிறுவினார். அவர் தொடங்கிய அமைப்பு இன்றும் பல நாடுகளில் உழைக்கும் குதிரை, கழுதைகளுக்காகப் பணியாற்றுகிறது.

அவர் செய்த ஒன்று நாம் கற்க வேண்டியது: குதிரைக்காரர்களைத் திட்டவில்லை, விலை கொடுத்தார். அவர்களும் ஏழைகளே என்பதை அறிந்திருந்தார்.

இராணுவம் விற்ற குதிரைகளுக்கு இராணுவமே முதல் குற்றவாளி, ஐயமில்லை. ஆனால் அந்நகரம் எந்த நகரம்? பயனற்ற பிராணிக்கும் செலவிடுவது கடமை என்று எழுதிய இமாம் இஸ்ஸுத்தீன் (ரஹ்) வாழ்ந்து மறைந்த அதே கெய்ரோ. அஸ்ஹர் பல்கலைக்கழகத்தில் அச்சட்டம் ஓதப்பட்டுக்கொண்டிருந்த அதே கெய்ரோ. சட்டம் நம்மிடம் இருந்தது; செயல் பிறரிடமிருந்து வந்தது. முற்காலத்தில் நிலைமை வேறு. திமிஷ்கு நகரில் முதிர்ந்து உழைக்க இயலாத குதிரைகள் சாகும்வரை மேய்வதற்கென்றே ஒரு பசும்புல்வெளி வக்ஃபு செய்யப்பட்டிருந்தது என்று சிரியா நாட்டு அறிஞர் முஸ்தஃபா ஸிபாயீ எழுதியிருக்கிறார். அதைப் படித்துப் பெருமைப்படுவதோடு நிறுத்திவிட்டோம். மூதாதையர் செய்த தர்மத்தைச் சொல்லிப் பெருமைப்படுவதால் நம் ஏட்டில் ஒரு நன்மையும் எழுதப்படாது.

நாம் செய்ய வேண்டியவை

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று காத்திருக்கவும் இயலாது. பிராணிகள் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1960, பட்டினிக்கோ தாகத்துக்கோ ஆளாகும் நிலையில் பிராணியைக் கைவிடுவதைக் குற்றம் என்றே சொல்கிறது. ஆனால் முதல்முறை குற்றத்துக்கு அது விதிக்கும் அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. ஒரு கட்டுப் புல்லின் விலைகூட இல்லை. உலகச் சட்டம் 50 ரூபாயோடு விட்டுவிடும். கொம்பில்லாத ஆட்டுக்காகக் கொம்புள்ள ஆட்டிடமும் கணக்குத் தீர்க்கப்படும் நாள் அப்படி விடாது.

ஆகவே சகோதரர்களே, சகோதரிகளே, சில காரியங்களைத் தெளிவாகச் சொல்கிறேன்.

திருமண வீட்டார் குதிரை ஊர்வலத்தைக் கைவிடுங்கள். ‘ஆசைக்கு ஒருநாள்’ என்று பெண்கள் சொன்னால், அந்த வாடகைத் தொகையை ஒரு குதிரைக்காரருக்கு ஒரு மாதத் தீனிக்காக மணமக்கள் பெயரில் கொடுங்கள். அவர் வருமானமும் போகாது, குதிரையும் துன்புறாது, மணமக்களுக்கு துஆவும் கிடைக்கும்.

சுற்றுலா செல்லும் பெற்றோர், பிள்ளையைக் குதிரையில் ஏற்றுமுன் அதன் முகத்தைப் பாருங்கள். முதுகில் புண் உள்ளதா, கால் நொண்டுகிறதா, விலா எலும்பை எண்ண முடிகிறதா என்று பாருங்கள். இருந்தால் ஏறாதீர்கள், ஏன் ஏறவில்லை என்பதைக் குதிரைக்காரரிடம் மரியாதையோடு சொல்லுங்கள். பாரம் இழுக்கும், சுமக்கும் பிராணிகளை நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேலும், வெப்பம் 37 பாகையைத் தாண்டும் இடங்களில் நண்பகல் 12 முதல் 3 மணி வரையும் வேலை வாங்கக் கூடாது என்று முன்னர்ச் சொன்ன 1965 விதிகள் கூறுகின்றன. வெயிலின் கொடுமை சவாரிக் குதிரைக்கு மட்டும் குறைவா என்ன? வாடிக்கையாளரின் கேள்வியே வலுவான சட்டம்.

தெருவில் மெலிந்த குதிரையைக் கண்டால் வலீமாச் சோற்றையோ ரொட்டியையோ அள்ளி வைக்காதீர்கள். நெடுநாள் பட்டினி கிடந்த குதிரைக்குத் திடீரென்று தானியமும் சோறும் மிகுதியாகக் கொடுத்தால், அதுவே அதைக் கொன்றுவிடும். முதலில் தண்ணீர், பிறகு புல்லோ வைக்கோலோ சிறிது சிறிதாகப் பலமுறை. உடனே 1962 என்னும் கால்நடை மருத்துவ ஊர்தி எண்ணை அழையுங்கள். சென்னையிலுள்ளோர்க்கு வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

கைவிடப்பட்ட குதிரையை மீட்டுப் பராமரிக்கும் இளைஞர்கள் ஒரு சட்டத்தையும் அறிந்துகொள்ளுங்கள். உடையவர்கள் தீனி கொடுக்க இயலாமல் விட்டுச்சென்ற பிராணியை எடுத்து உயிர்ப்பித்தவருக்கே அது உரியது என்னும் அறிவிப்பு, ஆமிர் அஷ்ஷஅபீ (ரஹ்) வழியாக அபூதாவூதில் உள்ளது. இமாம் அஹ்மத் (ரஹ்) இதன்படியே சொன்னார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் உரிமை பழைய உடையவரை விட்டு நீங்காது. ஆகவே பின்னால் சச்சரவு வராதிருக்க, உடையவரைத் தேடி, சாட்சிகளோடு எழுத்துமூலம் விட்டுக்கொடுக்கச் செய்து, காவல் நிலையத்திலும் தகவல் தந்துவிடுங்கள். நன்மை செய்யப்போய் வழக்கில் சிக்க வேண்டாம்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். குதிரைக்காரர்கள் வாழும் மஹல்லாக்களில் தீவன நிதி ஒன்றைத் தொடங்குங்கள். ஸகாத்துக்கு உரியவர் எண்மர் என்று குர்ஆன் வரையறுத்துவிட்டதால், அதிலிருந்து எடுக்க வேண்டாம். பொதுவான ஸதகாவிலிருந்து செய்யுங்கள். பருவமற்ற மாதங்களில் கொள்ளும் புல்லும் கடனாகக் கொடுங்கள். இரு மாதங்களுக்கொருமுறை கால்நடை மருத்துவரையும் லாடம் அடிப்பவரையும் அழைத்து வாருங்கள். ஓர் ஊர்வலத்தின் பட்டாசுச் செலவில் இதைத் தொடங்கிவிடலாம்.

குதிரை வைத்திருக்கும் சகோதரர்களே! உங்களைக் குறை கூறி நாங்கள் நல்லவர்களாக விரும்பவில்லை. உங்கள் தொழில் ஹலாலானது. உங்கள் கையிலிருப்பது, மறுமை நாள் வரை நெற்றி முடியில் நன்மை பிணைக்கப்பட்டிருக்கிறது என்று அண்ணலார் சிறப்பித்த உயிர். நபித்தோழர் தமீமுத் தாரீ (ரலி) அவர்கள் வீட்டார் சூழ்ந்திருக்கவே தம் குதிரையின் வாற்கோதுமையைத் தாமே அமர்ந்து சுத்தம் செய்தார்கள். ஒவ்வொரு மணிக்கும் நன்மை எழுதப்படும் என்று நபி (ஸல்) சொல்லக் கேட்டதாகக் காரணமும் கூறினார்கள். அண்ணலாரோ தம் மேலாடையால் குதிரையின் முகத்தைத் துடைத்துவிட்டார்கள் என்று ‘முவத்தா’ சொல்கிறது. உங்களால் இனி இயலாது என்ற நிலை வந்தால், இரவில் கயிற்றை அவிழ்க்காதீர்கள். பகலில் பள்ளிவாசலுக்கு வந்து சொல்லுங்கள். கேட்காத ஜமாஅத் அல்லாஹ்விடம் பதில் சொல்லிக்கொள்ளட்டும்.

பட்டினியால் முதுகோடு வயிறு ஒட்டிப்போன ஓர் ஒட்டகத்தைக் கண்டபோது, பேச இயலாத இப்பிராணிகள் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்சிக்கொள்ளுங்கள் என்றுதான் நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அப்பிராணிகள் இங்கே பேச மாட்டா. பேசும் நாள் ஒன்று இருக்கிறது என்பதை நம்புகிறவர்கள் நாம். அந்நாளில் நமக்கு எதிராக அவை பேசாத நிலையை வல்ல அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.